ஆமணக்குப் புழுவும் ஏலக்காய்ப் புழுவும் ஒன்றா?

கம்பம் பள்ளத்தாக்கில் சிறு விவசாயியின் நிலம் ஒரே பயிரோடு நிற்பது குறைவு. கிணற்றடியில் கொஞ்சம் காய்கறி, மேட்டில் பத்துப் பதினைந்து கொய்யா, வேலியோரம் மாதுளை அல்லது மா, வரப்பைச் சுற்றி ஆமணக்கு என்று எல்லாம் கலந்தே இருக்கும். போடி, கம்பம், கூடலூர் வட்டாரங்களில் சிலருக்கு இதோடு மலைமேல் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ ஏலத்தோட்டமும் உண்டு. காலையில் கீழே தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பகலில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ தோட்டத்திற்குப் போகிறவர்கள் இவர்கள்.

இப்படி மேலும் கீழும் பயிர் செய்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. கீழே ஆமணக்குக் குலையைப் பிரித்தால் உள்ளே புழு. மேலே ஏலத்தின் சரத்தைப் பிளந்தால் அங்கும் அதே போன்ற புழு. கொய்யாவிலும் மாதுளையிலும் அதே புழு. நான்கிலிருந்தும் வெளிவரும் பூச்சியும் மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளியோடு ஒன்றுபோலவே இருக்கிறது. ஆமணக்கில் பெருகிய பூச்சிதான் மலையேறி ஏலத்தைக் கெடுக்கிறதா? அப்படியானால் ஆமணக்கை அடியோடு ஒழிக்க வேண்டாமா?

நெடுங்காலமாகப் பூச்சியியல் நூல்களும் அப்படித்தான் எழுதி வந்தன. ஏலத்தின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு மாற்று உணவுச் செடிகள் ஆமணக்கு, கொய்யா, மா, மாதுளை, இஞ்சி, மஞ்சள் என்று நீண்ட பட்டியல் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டியிருந்தன. இன்று அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் காயைத் தின்று வளர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரு புழுவின் ஆயுளும் பெருக்கமும் எவ்வளவு மாறும் என்பது தெரிந்தால், எந்தச் செடியை வெட்ட வேண்டும், எதைக் காக்க வேண்டும், எங்கே கூலி செலவழிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பூச்சியின் அடையாளம்

தாய்ப்பூச்சி சிறியது. இறக்கையை விரித்தால் ஓர் அங்குலத்திற்குள் அடங்கும். நல்ல மஞ்சள் நிறம். இறக்கை முழுவதும் கறுப்புப் புள்ளிகள் தூவியதுபோல் இருக்கும். பகலில் இலையின் அடிப்புறம் ஒட்டி அசையாமல் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகே பறக்கும். முட்டைகள் தட்டையாக, இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒரே இடத்தில் குவியலாக இடாமல் பூவிலும் பிஞ்சிலும் இங்கொன்று அங்கொன்றாக இடும். ஆகவே புரொடீனியாவின் முட்டைக் குவியலைக் கிள்ளி எடுப்பதுபோல் இதன் முட்டையைப் பொறுக்க முடியாது.

ஐந்தாறு நாளில் முட்டை பொரியும். புழு வெளிர் பச்சையில் சிவப்பு சாயலோடு, உடலில் வரிசையாகக் கரும்புள்ளிகளும் மெல்லிய முடிகளும் கொண்டிருக்கும், தலை கறுத்திருக்கும். காயைத் துளைத்து உள்ளே போன பிறகு தன் கழிவை வெளியே தள்ளி, அதை நூலால் பின்னித் துளையின் வாயில் ஒட்டிவைக்கும். மரத்தூள் போன்ற இந்தக் குப்பைதான் நமக்குக் கண்ணில் படும் முதல் அடையாளம்.

கொய்யாவிலும் மாதுளையிலும் வேறு பூச்சிகளும் துளையிடுவதால் மாறுபாடு தெரிந்திருக்க வேண்டும். மாதுளையில் பெயர் பெற்ற காய்த்துளைப்பான் ஒரு பட்டாம்பூச்சியின் புழு. குட்டையாக, பருமனாக, பழுப்பு நிறமாக இருக்கும். அதன் துளையில் நூல் பின்னல் இராது. கழிவு வழிந்து துர்நாற்றம் வீசும். பழ ஈயின் புழுவுக்குக் காலே கிடையாது; வெள்ளையாகச் சதைக்குள் நெளியும். நூல் பின்னிய தூள் குப்பை இருந்தால் மட்டுமே நாம் பேசும் புழு.

ஆமணக்கு இதற்கு ஏன் விருந்து?

தொட்டிலும் அடுப்பங்கரையும் ஒரே இடத்தில் அமைந்ததுபோல் ஆமணக்குக் குலை இந்தப் புழுவுக்கு வாய்த்திருக்கிறது. காய்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நெருங்கி நிற்கின்றன. முட்டையிலிருந்து வந்த சிறு புழு நூலிழை தடிமன்தான் இருக்கும். வெயிலில் சில மணி நேரம் அலைந்தால் காய்ந்து செத்துவிடும், அல்லது எறும்புக்கும் சிலந்திக்கும் இரையாகும். அதன் வாழ்வில் மிக ஆபத்தான வேளை காய்க்குள் நுழைவதற்கு முந்திய அந்தச் சிறு பொழுதுதான். ஆமணக்கில் இரண்டு காய்கள் ஒட்டும் இடுக்கில் அது உடனே மறைவு தேடிக்கொள்கிறது. உள்ளே போனால் ஒரு காயில் மூன்று முத்துகள். தீர்ந்தால் நூல் பின்னிய கூரையின் கீழேயே நகர்ந்து அடுத்த காய்க்குள் போய்விடும். வெளியே தலை காட்ட வேண்டியதே இல்லை.

உணவின் தரமும் அப்படியே. ஆமணக்கு முத்தில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், புரதமும் தாராளம். முத்தில் உள்ள நஞ்சு ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாது. ஆமணக்குப் புண்ணாக்கை எருவாகப் போடுகிறோமே தவிரத் தீவனமாக வைப்பதில்லை. ஆனால் இந்தப் புழு அதையே தின்று கொழுக்கிறது. பன்னிரண்டு முதல் பதினாறு நாளில் புழுப்பருவத்தை முடித்து, ஒரு வாரம் பத்து நாள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மறுபடி தாய்ப்பூச்சியாகிறது. முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறத்தாழ நான்கு வாரம்.

ஆமணக்கிலும் எல்லாக் குலையும் ஒன்றல்ல. காய்கள் நெருக்கமாக அடைந்த குலையில் சேதம் அதிகம். காய்கள் விலகி நிற்கும் குலையில் குறைவு. இடுக்கு குறைந்தால் புழுவுக்கு மறைவிடம் குறைகிறது, அவ்வளவுதான். வீட்டு விதையையே திரும்பத் திரும்பப் போடுபவர்கள் விதைக்கு எடுக்கும்போது இதைப் பார்த்து எடுக்கலாம். காயின் பருவமும் முக்கியம். பிஞ்சிலும் அரை முற்றிலும் ஓடு இளகியிருக்கும். முற்றிக் கறுத்த முத்தின் ஓட்டைச் சிறு புழுவால் கடிக்க இயலாது.

கொய்யாவுக்குள் போன புழுவின் பாடு

இதே புழுவைக் கொய்யாப் பிஞ்சில் விட்டுப் பாருங்கள். சதையில் நூற்றுக்கு எண்பது பங்கு அல்லது அதற்கு மேல் தண்ணீர். புரதம் மிகக் குறைவு. தேவையான சத்தைச் சேர்க்க அதிகம் தின்ன வேண்டும், அதிக நாள் தின்ன வேண்டும். விதையில் சத்து உண்டு. ஆனால் கொய்யா விதையின் கடினம் நமக்கே தெரியும். காய் இளசாக இருக்கும் வரையில் விதை மெல்லக் கிடைக்கும், அதன்பின் இல்லை. புழு வளரும் நாள் கூடும்போது கேடும் கூடுகிறது. துளையின் வழியே தண்ணீர் புகுந்து காய் அழுகுகிறது. அழுகிய காய் உதிர்கிறது. உதிர்ந்த காயை ஆடு தின்கிறது, எறும்பு மொய்க்கிறது. புழு பாதி வளர்ச்சியில் வீடிழந்து போகிறது.

சத்துக் குறைந்த உணவில் வளரும் புழு சிறிய கூட்டுப்புழுவாகும். சிறிய கூட்டுப்புழுவிலிருந்து வரும் தாய்ப்பூச்சி இடும் முட்டையும் குறைவு. காய்களைத் தின்னும் அந்துப்பூச்சிகளில் பொதுவாகக் காணப்படும் விதி இது. கொய்யாவில் ஒரு காய் தனியே தொங்கினால் சிறு புழு நுழைய இடுக்கும் கிடைக்காது. வழவழப்பான தோலில் அலைந்து அலைந்து பல புழுக்கள் அழிகின்றன. காயும் காயும் ஒட்டினாலோ, காயின்மேல் ஓர் இலை படிந்து கிடந்தாலோ, காயின் நுனியில் காய்ந்த பூவிதழ் ஒட்டியிருந்தாலோ அங்கேதான் துளை விழும். மாவிலும் அப்படியே. மாம்பிஞ்சின் பால் சிறு புழுவுக்கு மற்றொரு தடை. கொத்தாகப் பிஞ்சு பிடித்து உதிராமல் ஒட்டிக் கிடக்கும் இடத்தில்தான் புழு பிழைக்கிறது. மாதுளையில் தடித்த தோல் தடுக்கிறது. உள்ளே நுழைந்துவிட்டால் விதைகள் கிடைப்பதால் தாக்குப்பிடிக்கிறது.

நாள் சற்றுக் கூடுவதும் சில புழுக்கள் சாவதும் பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். ஒரு மனக்கணக்குப் போடுவோம். இது தோட்டத்தில் எண்ணிய கணக்கன்று, விளங்குவதற்காகப் போடுவது. நல்ல உணவில் ஒரு தலைமுறைக்கு 25 நாள், ஒரு தாய்க்குப் பிழைக்கும் பெண்பூச்சி 5 என்று வைத்துக்கொள்வோம். நூறு நாளில் நான்கு தலைமுறை: 5, 25, 125, 625. மட்டமான உணவில் ஒரு தலைமுறைக்கு 33 நாள், பிழைப்பது 2. நூறு நாளில் மூன்றே தலைமுறை: 2, 4, 8. ஒரே பூச்சி, ஒரே கோடை. ஒரு பக்கம் 625, மறு பக்கம் 8.

கொய்யாவில் காணும் புழு பெரும்பாலும் கொய்யாவிலேயே பெருகியது அல்ல என்பது என் கருத்து. பக்கத்தில் எங்கோ ஓர் ஆமணக்குக் குலை இருக்கிறது.

பொறிப்பயிர் எப்போது பண்ணையாகிறது?

வரப்பில் ஆமணக்கு ஏன் வைக்கிறோம்? பருத்தி, நிலக்கடலை, மிளகாய் வயல்களில் புரொடீனியா புழுவைக் கவர்ந்து இழுக்கப் பொறிப்பயிராக ஆமணக்கு விதைக்கச் சொல்கிறார்கள். நல்ல பரிந்துரைதான். தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில் முட்டைக் குவியல் இடும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். ஆனால் இலையைக் கிள்ளும் வேலை பயிரின் இளமையோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆமணக்கு தன் போக்கில் வளர்ந்து குலை தள்ளுகிறது. பத்து இருபது செடியின் முத்துக்காக யாரும் மெனக்கெடுவதில்லை. குலை செடியிலேயே காய்ந்து வெடிக்கிறது. ஒரு பூச்சிக்குப் பொறியாக வைத்த செடி, அடுத்த பூச்சிக்குப் பண்ணையாகிவிடுகிறது.

இதற்குச் செடியை வெட்ட வேண்டியதில்லை. குலையைப் பார்த்தால் போதும். பூ வந்ததிலிருந்து வாரம் ஒரு முறை வரப்பைச் சுற்றி நடந்து, தூள் குப்பை ஒட்டிய குலையின் அந்தப் பகுதியை மட்டும் ஒடித்து எடுக்க வேண்டும். ஒடித்ததை வரப்பிலேயே போட்டுவிட்டு வருவது வீண் வேலை. புழு காய்ந்த காயை விட்டுவிட்டுப் பக்கத்துக் குலைக்கு ஏறிவிடும், அல்லது அந்தக் குப்பைக்குள்ளேயே கூடு கட்டிவிடும். சாக்கில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைக்கலாம், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம். முத்துக்காக அறுத்த குலைகளைக் கொய்யா, மாதுளை மரத்தடியில் நிழலாயிருக்கிறதே என்று குவித்துக் காயவைப்பதும் வேண்டாம். களத்தில் நல்ல வெயிலில் காயவைத்து, உடைத்ததும் ஓட்டை எருக்குழிக்குள் அமுக்கிவிடுங்கள்.

ஆமணக்கையே கொய்யாவுக்குக் காவலாகப் பயன்படுத்த முடியாதா என்றால், முடியும். புழுவுக்கு அது விருப்பமான இடம் என்பதால் பூச்சி நடமாட்டம் முதலில் அங்கே தெரியும். ஆனால் அது வாரம் தவறாமல் குலை பார்ப்பவருக்கு மட்டுமே பொருந்தும். பார்க்க நேரமில்லாதவர் கொய்யாவின் அருகில் ஆமணக்கு வைக்காமலிருப்பதே நல்லது.

கொய்யாவில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கொத்துக் காய்களில் ஒன்றிரண்டைக் கிள்ளி இடைவெளி உண்டாக்குங்கள். காய்மேல் ஒட்டிய இலைகளை நீக்குங்கள். உதிர்ந்த காயை அன்றன்றே பொறுக்கிப் புதையுங்கள். பத்துப் பதினைந்து மரம் வைத்திருப்பவர், காய் எலுமிச்சை அளவை எட்டுமுன் காகித உறையோ துணி உறையோ மாட்டிவிட்டால் பழ ஈயும் சேர்ந்தே தடுபடும். தெளிப்பு வேண்டுமானால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். பிஞ்சு இறங்கும் பருவத்தில் தெளித்தால் பலன் உண்டு. புழு உள்ளே போய்க் குப்பை தள்ளிய பிறகு எதைத் தெளித்தாலும் அது புழுவைத் தொடாது. இந்தப் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அழிக்கும் பிராக்கான் போன்ற சிறு குளவிகளும் ஆமணக்குக் குலைகளில் இருக்கின்றன. கடுமையான மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான். பழைய கையேடுகளில் இந்தப் புழுவுக்குச் சொல்லப்பட்ட கார்பரில் தூள் 2018-ஆம் ஆண்டு வந்த அரசாணையால் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. கையேட்டைப் பார்த்து யாரும் அதைத் தேடிப் போக வேண்டாம்.

மலையில் இருப்பது வேறு இனம்

இப்போது மேலே போவோம். ஏலத்தில் இந்தப் புழு பருவத்துக்குத் தக்க இடம் மாற்றும். விரியாத இளம் குருத்தைத் துளைத்தால் நடுக்குருத்து காய்ந்து நிற்கும். தட்டையைத் துளைத்தால் துளை வாயில் தூள் தள்ளியிருக்கும். சரத்தைத் துளைத்தால் துளைக்கு மேல்பகுதி வாடும். காயைத் துளைத்தால் உள்ளே விதையே இராது. ஏலத்தில் புழுப்பருவம் 25 நாள் முதல் 40 நாள் வரை நீடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆமணக்கில் பதினாறு நாளுக்குள் முடிவது இங்கே ஏன் இவ்வளவு நீள்கிறது?

உணவு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புழுவின் உடல் வெப்பத்தைப் பொறுத்தே வளரும். வண்டன்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் நிழலில் கிடக்கின்றன. கம்பம் சமவெளியின் சூடு அங்கே கிடையாது. ஒரே புழுவை ஒரே காயில் வைத்தாலும் குளிரில் மெதுவாகத்தான் வளரும். அதனால் எந்தக் காய் நல்லது, எது மட்டம் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் எல்லாக் காய்களையும் ஒரே வெப்பத்தில், ஒரே அறையில் வைத்துப் புழு வளர்க்கிறார். மேலே நாற்பது நாள், கீழே பதினாறு நாள் என்று பார்த்த மாத்திரத்தில் பழியைக் காயின்மேல் போட்டால் தவறாகும்.

ஆனால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கே வேறொரு சந்தேகம் வலுத்தது. ஒரே பூச்சியாக இருந்தால் இரண்டு செடியிலும் ஒருவாறு பிழைக்க வேண்டும். ஆமணக்குக் கூட்டமும் ஏலக்கூட்டமும் தனித்தனியே போவதுபோல் தெரிந்தது. ஜப்பானில் முன்பே இப்படி ஒன்று நடந்திருந்தது. பீச் பழத்தையும் கஷ்கொட்டையையும் துளைக்கும் மஞ்சள் அந்துப்பூச்சியும், ஊசியிலை மரங்களின் இலையைத் தின்னும் மஞ்சள் அந்துப்பூச்சியும் நெடுநாள் ஒரே பூச்சியின் இரு வகைகள் என்று கருதப்பட்டன. 2006-இல் அவை இரண்டு தனி இனங்கள் என்று நிலைநாட்டப்பட்டன. நம் நாட்டில் பெங்களூரில் நெடுங்காலம் இந்தப் பூச்சியை ஆராய்ந்த ஏ.கே. சக்ரவர்த்தி, பி.ஆர். ஷஷாங்க் முதலியோர் சேர்ந்து 2018-இல் ஏலத்தைத் துளைப்பது தனி இனம் என்று அறிவித்தார்கள். உடலுறுப்பின் நுண்ணிய அமைப்பும் மரபணுவும் ஆமணக்குப் பூச்சியிலிருந்து வேறுபட்டிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சஹ்யாத்ரி என்ற பெயரை வைத்து அதற்குக் கொனோகெதஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1854-இல் பெயர் பெற்ற பழைய இனமான கொனோகெதஸ் பங்க்டிஃபெராலிஸ் என்ற பெயர் ஆமணக்குப் பூச்சிக்கு நிற்கிறது. பல கையேடுகளில் இன்னும் இரண்டுக்கும் பழைய பெயரையே காண்பீர்கள். அதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். எந்தச் செடியில் கிடைத்தது என்பதே நமக்கு நல்ல அடையாளம்.

ஏல விவசாயி கவனிக்க வேண்டிய செடிகள்

ஏலத் தோட்டத்திற்குப் பக்கத்தில் ஆமணக்கு நிற்கிறதே என்று அதை வெட்டுவதில் காசையும் கூலியையும் கரைக்க வேண்டாம். ஏலத்தைத் துளைப்பதன் உறவுச் செடிகள் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை: இஞ்சி, மஞ்சள், ஓடையோரம் தானே முளைக்கும் காட்டு இஞ்சி வகைகள். தோட்ட வீட்டுக்குப் பின்னால் போட்ட இரண்டு பாத்தி மஞ்சளின் நடுக்குருத்து காய்ந்திருக்கிறதா, தண்டில் தூள் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தண்டை அடியோடு அறுத்து அழியுங்கள். பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஏலத்தில் இந்தப் பூச்சி ஆண்டு முழுதும் உண்டு. ஆயினும் டிசம்பர் - ஜனவரி, மார்ச் - ஏப்ரல், மே - ஜூன், செப்டம்பர் - அக்டோபர் ஆகிய நான்கு பருவங்களில் தாக்குதல் கூடும். சரம் விடுவதும் புதுத் தட்டை கிளம்புவதும் காய் பிடிப்பதும் இந்தப் பருவங்களோடு ஒத்துவருவதே காரணம். இளசான உணவு எப்போது கிடைக்கிறதோ அப்போதே புழுவும் பிழைக்கிறது.

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உள்ளவருக்குக் கைவேலையே சிறந்த வழி. செப்டம்பர், அக்டோபரில் தாக்குதல் நூற்றுக்குப் பத்துத் தட்டைக்குக் குறைவாக இருந்தால், புதிதாகத் தூள் தள்ளிய தட்டைகளை மட்டும் அறுத்து அழித்தாலே போதும். தூள் ஈரமாக, வெளிர் நிறமாக இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் புழு போய்விட்டது, அந்தத் தட்டையை வெட்டிப் பயனில்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் வீணாக வெட்டும் தட்டைகள் மிஞ்சும். பகலில் இலையடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பூச்சிகளைக் கைவலையால் பிடிக்கலாம். வேலைக்கு வரும் பெண்களே களை எடுக்கும்போது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், தாய்ப்பூச்சி கண்ணில் பட்ட நாளிலிருந்து பதினைந்து இருபது நாளுக்குள் அடிக்க வேண்டும். அப்போதுதான் புழு இளசாக, இன்னும் வெளியில் அல்லது மேல்தோலருகே இருக்கும். பழக்கம் என்பதற்காக மாதம் ஒரு முறை அடிப்பது புழுவைவிடத் தேனீயையே அதிகம் கொல்லும். ஏலப்பூ தேனீ இல்லாமல் காய்க்காது. காலையில் தேனீ வேலை செய்யும் நேரத்தை விட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகே தெளிப்பு வைத்துக்கொள்ளுங்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகும் சரக்கு கடல் கடந்து போவது. மருந்து எச்சம் கண்டு சரக்கைத் திருப்பினால் விலை விழுவது கடைசியில் சிறு விவசாயியின் மடியில்தான். எந்த மருந்து, என்ன அளவு என்பதை நறுமணப் பொருள் வாரிய அலுவலர்களிடமோ, இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். வருசநாட்டுப் பக்கம் நமக்குள்ள மயிலாடும்பாறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மலைக்கு அந்தப் பக்கம்.

திராட்சை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. இரவில் வந்து பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சி வேறு. அதில் கதை தலைகீழ்: பழத்தைக் கெடுப்பது தாய்ப்பூச்சி, அதன் புழு வளர்வதோ சீந்தில் போன்ற வேலிக்கொடியில். பழத்தில் புழுவைத் தேடினால் கிடைக்காது; வேலியைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

உங்கள் கொய்யாவில் பிழைக்கும் புழு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று அகன்ற வாய்ப் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆமணக்குக் குலையிலிருந்து ஒரே அளவுள்ள சிறு புழுக்களை முப்பது எண்ணி எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாகப் போடுங்கள். ஒன்றில் அரை முற்று ஆமணக்குக் காய், ஒன்றில் கொய்யாப் பிஞ்சு, ஒன்றில் மாதுளைப் பிஞ்சு. வாயை மெல்லிய வேட்டித் துணியால் கட்டி, மூன்றையும் ஒரே அறையில், வெயில் படாத ஒரே அலமாரியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பழைய காயை மாற்றி, உயிரோடு இருப்பவற்றை எண்ணி எழுதுங்கள். எத்தனையாம் நாளில் எத்தனை கூடு கட்டியது, எத்தனை பூச்சியாக வந்தது என்று குறியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் ஒழுங்காகச் செய்வார்கள். வந்த பூச்சிகளைப் பறக்க விட்டுவிடாமல் பாட்டிலோடு கொன்றுவிட வேண்டும்.

சந்தேகமான புழுவைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ, காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்திற்கோ கொண்டுபோகிறவர்கள், தின்றுகொண்டிருந்த காயோடு சேர்த்து உயிருடன் கொண்டு செல்லுங்கள். எந்தச் செடியில், எந்த ஊரில், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.